பக்கத்துப் பாயில் மாமா

2009இல் எனக்கு முதுகுவலி வந்தது. வீடு செம்மண்டலத்தில், வேலை கடலூரில் ஓர் அலுவலகத்தில், நாள் முழுக்க உட்கார்ந்தே செய்வது. மாத்திரைக்கு வலி அடங்காததால், சிதம்பரத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தங்கிப் பழகும் யோகா வகுப்பில் மனைவி என் பெயரைக் கொடுத்துவிட்டாள். பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடந்தது. முப்பது பேர் இருந்திருப்போம். கற்றுக்கொடுத்த டீச்சர் புதுச்சேரிப் பக்கத்துக்காரர். மதியம் கஞ்சி குடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது என்றார். தலையாட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் மூன்றாவது வரிசையில் என் அக்காவின் கணவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

அக்கா 2005இல் காய்ச்சலில் இறந்தாள். எட்டே மாதத்தில் மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார். நான் போகவில்லை. அதன்பிறகு அவரோடு பேசவும் இல்லை. அவர் சிதம்பரத்திலும் நான் கடலூரிலும் இருந்ததால் பேசாமல் இருப்பது எளிதாகவே இருந்தது. அக்காவின் பெண்ணையும் அப்படியே விட்டுவிட்டேன்.

"உசரம் பாத்து ஜோடி போடுறேன்" என்ற டீச்சர் என்னையும் அவரையும் சேர்த்துவிட்டார். வேறு ஆள் வேண்டும் என்று சொல்ல வாயைத் திறக்க முடியாது. முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் எழ வேண்டும். இரண்டு முறை சரிந்தோம். மூன்றாவது முறை எழுந்துவிட்டோம். அவர் முதுகு வியர்த்திருந்தது.

கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொன்னார்கள். சற்று நேரத்தில் பக்கத்துப் பாயில் குறட்டை கிளம்பியது. யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அவர் குறட்டையைப் பற்றி அக்கா நிறையச் சொல்லியிருக்கிறாள். தோளில் லேசாகத் தட்டினால் நின்றுவிடும் என்பாள். யோசிக்காமல் கையை நீட்டித் தட்டினேன். நின்றுவிட்டது.

கஞ்சி வாங்கிக்கொண்டு அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீங்கதான தட்டுனது?"

முன்பெல்லாம் என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவார்.

"ஆமா."

"அவளும் அங்கதான் தட்டுவா" என்றார்.

கஞ்சி சூடாக இருந்தது. இருவரும் கலக்கிக்கொண்டிருந்தோம். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"எட்டு மாசம்தான் ஆச்சு மாமா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவர் கஞ்சியைக் கீழே வைத்தார்.

"பாப்பாவப் பாத்துக்க ஆள் வேணும்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது பாதிதான் மச்சான். என்னால தனியா இருக்க முடியல. வூட்டுக்குள்ள போகவே பயமா இருந்துச்சி."

குழந்தைக்காக என்று மட்டும் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அந்தப் பதிலை மற்றவர்கள் வாயிலிருந்து நிறையக் கேட்டாயிற்று. இப்படிச் சொன்னவரிடம் கோபப்பட எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் தன் வண்டியில் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் யார் என்று மாமா சொன்னதும், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க அண்ணே" என்றார். பதின்மூன்று வயதாகியிருந்த அக்கா பெண் உள்ளேயிருந்து வந்து, "வாங்க மாமா" என்றாள். வீட்டுக்கு வரும் யாரையும் கேட்பதுபோலத்தான் கேட்டாள். எந்த வகுப்பு என்று விசாரித்தேன். எட்டாவது என்றாள். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு ஓடவில்லை. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி, "பொண்ணு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். வளர்ந்துவிட்டாள் என்றேன்.

ஐந்தாறு மாதம் கழித்து மாமாவும் அவர் மனைவியும் தட்டில் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்தார்கள். பெண் வயதுக்கு வந்திருந்தாள். சடங்குக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாமா ஓரமாக உட்கார்ந்துகொண்டார். பேசியதெல்லாம் அந்த அம்மாள்தான்.

"எங்கண்ணன் மாலை போடுறேன்னுதான் சொன்னாரு. நான் ஒத்துக்கல. தாய்மாமன் நீங்க இருக்கீங்க. நீங்க வந்து போட்டாதான் அவங்கம்மாவுக்குச் செஞ்ச மாதிரி."

என் மனைவி தட்டை வாங்கிக்கொண்டாள்.

சீர்வரிசையோடு போனோம். மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு மாலை போட்டேன். அது சடையில் மாட்டிக்கொண்டது. அவளே கையைப் பின்னால் கொண்டுபோய் எடுத்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு மாமா" என்றாள்.