ஒரு குச்சி இடம்

இருபத்தோராவது நாளாகப் பலவேசம் விடியற்காலையில் அரைக் குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து மர அலமாரியின் தலையில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டியவர்போல நாலு பக்கமும் சுற்றி வந்தார். எந்த மூலையாவது நனையாமல் தப்பித்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவினார். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் உயிரோடு நிற்கிற வேப்ப மரத்துக்கே யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. இவர் அறுத்து, இழைத்து, தட்டாக அடித்த வேப்ப மரத்துக்கு ஊற்றுகிறார்.

"இன்னும் நாலு நாளு ஊத்துங்க, துளுத்துரும். தீவாளிக்குக் கொழுந்து பறிச்சிரலாம்," என்றாள் பேச்சியம்மாள். வாய் அப்படிச் சொன்னாலும், அலமாரிக்குக் கீழே ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்க ஈயச் சட்டியை வைத்தது அவள்தான். அந்தத் தண்ணீரில்தான் பிறகு பாத்திரம் கழுவுவாள்.

"நீ சும்மா கெட புள்ள. எல்லாம் கணக்காத்தான் ஊத்துதேன்."

"இம்புட்டுத் தண்ணிய இருக்கன்குடிக்குச் சொமந்திருந்தாக்கூட ஆத்தா எறங்கி வந்து என்னடா வேணும்னு கேட்டிருப்பா."

பலவேசம் காதில் செருகியிருந்த தீக்குச்சியை எடுத்து, அலமாரிக் காலில் இருந்த மர ஆணிக்கும் அதன் ஓட்டைக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தார். குச்சி போனது. "ஒரு குச்சி எடம் இருக்கு," என்று மரத்திடம் சொல்லிவிட்டு, வேனை எடுக்கக் கிளம்பினார்.

அது மருந்து வைக்காத மொட்டைக் குச்சி. பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவள், மருந்தில் முக்குவதற்கு முன்னால் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுகிற வேலை. சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற குச்சிகளில் நல்லதாக ஒன்றை அவர் எடுத்து வைத்துக்கொள்வார். மருந்து வைத்த குச்சியை அவர் கையால் தொடமாட்டார். பீடி கிடையாது. சட்டைப் பையில் தீப்பெட்டி கிடையாது. ஊரே தீப்பெட்டியில் சோறு தின்கிறது, இவரிடம் மட்டும் ஒரு பொறிக்கு வழி கிடையாது.

காரணம் உண்டு. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேன் ஓட்ட வருவதற்கு முன்னால், அதே கம்பெனியின் மருந்து ரூமில் பதினாலு வருடம் இருந்தவர். அங்கே இரும்பு ஆகாது, உரசினால் பொறி பறக்கும். செருப்பில் ஆணி இருந்தால் வாசலிலேயே கழற்றிப் போட வேண்டும். அந்தப் பழக்கம் ரூமைவிட்டு வந்த பிறகும் அவரைவிட்டு வரவில்லை. வீட்டில் காலண்டரைக்கூட ஆணியில் மாட்டமாட்டார், உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காற்றடித்தால் அவர் வீட்டில் செவ்வாய்க்கிழமை ஊஞ்சல் ஆடும்.

கம்பெனி வேலைக்குப் போக வேனில் ஏறுகிற பொம்பளைகள் சும்மா விடுவார்களா? "ஏண்ணே, ஒரு ஆணிக்கு இம்புட்டுப் பயப்படுறீகளே, இம்புட்டு இரும்ப உருட்டிக்கிட்டுப் போறீகளே, அது என்ன கணக்கு?" என்பாள் பாண்டிச்செல்வி. அவள் எப்போதும் கடைசியாக ஓடி வந்து ஏறுகிறவள். "நீ ஏறுத்தா மொதல்ல. ஒனக்கு மட்டும் மூணு ஆரன் அடிச்சு பேட்டரியே எறங்கிப்போச்சு," என்பார். வீட்டுக்கு இத்தனை ஆரன் என்று கணக்கு வைத்திருக்கிறார். ஒரு ஆரனுக்கு வருகிறவள் உத்தமி. மூன்றுக்கும் வராதவளுக்கு நாலாவது கிடையாது, வண்டி கிளம்பிவிடும். ஆனால் அடுத்த திருப்பத்தில் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நிற்கும்.

இருபத்திரண்டு பொம்பளைகள், காலை ஐந்தரைக்கு முதல் வீடு. இதுதான் அவர் குடும்பத்துக்கே நேரம் வைத்தது. இருக்கன்குடி போயிருக்கிறார்கள், திருச்செந்தூர் போயிருக்கிறார்கள், சாரல் நேரத்தில் குற்றாலமும் போயிருக்கிறார்கள். எல்லாம் போன அன்றைக்கே திரும்பி வருகிற போக்குத்தான். அருவியில் தலையை நனைத்தால், துவட்டுவது ராஜபாளையம் பஸ்ஸில்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்து, ஒருநாள் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே பேச்சியம்மாள் சொன்னாள்: "எந்த ஊருன்னாலும் சரிங்க. காலையில முளிச்சா வேற ஊரா இருக்கணும்."

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொன்னதற்கு வெட்கப்பட்டவள்போல அரிசியை இன்னொரு தண்ணீரில் களைந்தாள்.

லாட்ஜில் தங்கலாமே என்று பலவேசம் கேட்டுப் பார்த்தார். "எவன் எவன் படுத்த பாயோ," என்று முகத்தைச் சுளித்துவிட்டாள். அப்போதுதான் அவருக்கு வேன் ஞாபகம் வந்தது. இடது பக்க சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஓர் அலமாரி, வலது பக்க நீள சீட்டில் மெத்தை. வீடுதான், சக்கரம் வைத்த வீடு. சுருளி அருவிப் பக்கம் பச்சைத் தண்ணீர் வாய்க்கால் ஓரமாக மரத்தடி ஒன்று இருப்பதாக ஒரு லாரிக்காரர் சொல்லியிருந்தார்.

"வேனுக்குள்ள குடித்தனமா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள். "அங்கன போயும் வாசத் தெளிக்கிறது நாந்தானே?"

"வேனுக்கு ஏது புள்ள வாசல்?"

"கதவுன்னு ஒண்ணு இருந்தா அது வாசல்தான்."

கம்பெனி மேனேஜர் நல்லசிவம் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "யோவ், தீவாளி முடிஞ்சு கம்பெனி லீவுல எடுத்துக்கிரும். ஆனா வண்டியில புதுசா ஒரு ஓட்டை விழக் கூடாது. மொதலாளி வீட்டுல திடீர்னு வேன் கேட்டா அரை மணி நேரத்துல சீட்டு பழையபடி ஏறணும். கழட்டிக் காட்டும், சாவி தாரேன்," என்றார்.

சீட்டை இறுக்குகிற நாலு போல்ட் ஓட்டையைப் பலவேசம் பார்த்தார். அந்த ஓட்டையிலேயே அலமாரியின் நாலு காலையும் நிறுத்தி, மர ஆணியால் முடுக்கிவிட்டால் போதும். பொம்பளைகள் கம்பெனிக்குள் போன பிறகு, மற்ற டிரைவர்கள் உடைமர நிழலில் சீட்டு விளையாட, இவர் வேனுக்குள் குப்புறப் படுத்து அளந்தார். பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் நாடாதான் அளவுகோல். நடுத் தட்டில் வட்ட வட்டமாக வெட்டினார், சட்டிக்கு ஒரு வட்டம், குண்டாவுக்கு ஒரு வட்டம், ரெண்டு டம்ளருக்கு ரெண்டு சின்ன வட்டம். மலையேறும்போது எதுவும் உருளக் கூடாதாம். தச்சர் முத்துராமலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே மாப்ளே, நட்டு போல்ட்டப் போட்டு முறுக்கிட்டுப் போவியா, இதுக்குப் போயி மரத்துல ஆணி செதுக்கிக்கிட்டு! இது என்ன மருந்து ரூமா?"

"இருக்கட்டும் மச்சான். கம்பெனி வண்டி. இரும்பு வேண்டாம்."

சித்திரை வெயிலில் உடைமரத்தில் ஆணி செதுக்கினார். ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல், கச்சிதமாக. வெயிலில் மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். வெண்ணெயில் கத்திபோல வந்தது.

சிவகாசிக்காரன் ஒருவனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. இங்கே எந்தச் சாமானையும் வெயிலில்தான் செய்வார்கள், வெயிலில்தான் காயவைப்பார்கள், வெயிலில்தான் சோதிப்பார்கள். மழை பெய்தால் வேலை கிடையாது, வீட்டில் படுத்துக்கொள்வார்கள். மழையில் ஒரு பொருள் என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் லீவு வருவது தீபாவளிக்குப் பிறகு. தீபாவளிக்குப் பிறகு வருவது ஐப்பசி மழை.

போன வருடம் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். முந்தின நாளே அலமாரியை வேனில் மாட்டிவிட்டார். ராத்திரி முழுக்க மழை, வேனின் கூரை ஒழுகல் வேறு. காலையில் நல்லசிவம் குடையோடு வந்து, "எங்க, கழட்டும்," என்றார். பலவேசம் முதல் ஆணியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. திருகினார். மரச் சுத்தியலால் தட்டினார். தண்ணீர் குடித்து ஊதிப்போன ஆணி, வேனோடு பிறந்ததுபோல உட்கார்ந்திருந்தது. ஒன்றரை மணி நேரம். நல்லசிவம் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என் வேலைக்கு ஒல வச்சிராதியும்யா," என்றார் கடைசியில், மெதுவாக.

முத்துராமலிங்கம் ரம்பத்தோடு வந்தார். அலமாரியின் நாலு காலையும் தரையோடு அறுத்து, ஓட்டையில் சிக்கிய துண்டுகளைக் குடைந்து எடுத்தார்கள். சீட்டு பழையபடி ஏறியது.

பேச்சியம்மாள் விஸ்வநத்தம் பஸ் ஸ்டாப்பில், துணி மூட்டையும் தலைக்குமேல் ஒரு உரச்சாக்குமாக மழையில் நின்றுகொண்டிருந்தாள். வேன் வரவில்லை. ஒரு மூன்று சக்கர சைக்கிளில் பலகைகள் வந்தன, பின்னால் தள்ளிக்கொண்டு பலவேசம் வந்தார். அவள் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. இந்த மழையில எந்தக் கிறுக்கன் ஊருக்குப் போவான்?" என்று சொல்லிவிட்டு, அவளும் ஒரு கை கொடுத்துத் தள்ளினாள்.

அந்த அலமாரி ஒரு வருடமாக அடுப்படியில் நின்றது. சட்டி அதன் வட்டத்தில், குண்டா அதன் வட்டத்தில். சின்ன வட்டம் ரெண்டிலும் அவள் பயணத்துக்கென்று வாங்கிய நீலப் பிளாஸ்டிக் டம்ளர்கள். வீட்டுக்கு வந்த யாருக்கும் அதில் தண்ணீர் கொடுத்ததில்லை. ஒருநாள் பலவேசமே தாகத்துக்கு ஒன்றை எடுத்தபோது, "அத வையுங்க. அது இங்கனக்குள்ளது இல்ல," என்று பிடுங்கி வைத்தாள்.

அன்றைக்குத்தான் அவர் அலமாரிக்குப் புதுக் காலும் ஆணியும் செதுக்கத் தொடங்கினார். செதுக்கினார், நனைத்தார், ஊதியதை மறுபடி செதுக்கினார், மறுபடி நனைத்தார். ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போதும் ஒரு குச்சி நுழைய வேண்டும், அதுதான் கணக்கு. "காஞ்சா ஆடுமே மாப்ளே," என்றார் முத்துராமலிங்கம். "ஆடட்டும் மச்சான். கயித்தப் போட்டுக் கட்டிக்கிருதேன்," என்றார் பலவேசம்.

இந்த வருடமும் தீபாவளி முடிந்தது. மழையும் சொல்லிவைத்ததுபோல வந்து, வேனில் மாட்டியிருந்த அலமாரியை நனைத்தது. நல்லசிவம் அதே குடையோடு வந்து, கழற்று என்று சொல்லப் பயந்து நின்றார். பலவேசம் உட்காரவில்லை, மூச்சுப் பிடிக்கவில்லை. குனிந்து ரெண்டு விரலால் ஒரு ஆணியைத் தூக்கினார். வந்துவிட்டது. அடுத்தது. அடுத்தது. நல்லசிவம் குடையை மடக்கிவிட்டு, நாலாவது ஆணியைத் தானே இழுத்துப் பார்த்தார். "கெணத்துல போட்டு எடுத்தாலும் கழறும் போலயேய்யா!" என்று சிரித்து, சாவியை நீட்டினார். பலவேசத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, நாலு ஆணியையும் மறுபடி அதனதன் ஓட்டையில் இறக்கினார்.

மறுநாள் சாயங்காலம் சுருளி போய்ச் சேர்ந்தார்கள். வாய்க்கால் இருந்தது, மரத்தடியும் இருந்தது. அடுப்பை வேனிலிருந்து இருபதடி தள்ளித்தான் வைக்க விட்டார். நெருப்பை அவள் பற்றவைத்தாள்.

விடியற்காலை நாலரைக்கு அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆரன் அடிக்க ஒரு வீடும் இல்லை. பேச்சியம்மாள் வேன் ஜன்னலைப் பார்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இந்த நேரத்தில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சத்தில் எழுந்து, கண்ணைக் கசக்கி, வாசல் தெளிக்க வாளியைத் தேடுவாள்.

பலவேசம் சின்ன வட்டத்திலிருந்து ஒரு நீல டம்ளரை உருவினார். வேனின் இழுவைக் கதவை, கிரீச்சென்று கத்திவிடாமல், ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் தள்ளி இறங்கினார். வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கதவுக்கு நேரே ஈர மண்ணில் உள்ளங்கையில் ஊற்றி ஊற்றித் தெளித்தார்.