ஏழடித் தட்டு

எங்கள் கெப் வண்டியின் பின்தொட்டியைக் கழற்றிவிட்டுத் தட்டையான இரும்புத் தட்டு ஒன்றைப் பூட்ட வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான். பிறகு நடந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. இது என்னுடையது.

என் கணவருக்குக் கிணறு வெட்டும் தொழில். மாத்தளையைச் சுற்றி, யட்டவத்தைப் பக்கத்திலும் பல்லேபொலவிலும், பத்தடி தோண்டுவதற்குள் பாறை வந்துவிடும். அதற்குப் பிறகு மண்வெட்டியால் ஆகாது, கம்பிரசர் வேண்டும். கல் துளைக்கிற கருவிக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் இயந்திரம் அது. இரண்டு சக்கரத்தில் நிற்கும், சொந்தமாக ஓடாது. கெப்பின் பின்னால் ஒரு கொக்கி, கம்பிரசரின் மூக்கில் ஒரு வளையம். மாட்டி இழுத்துக்கொண்டு போவோம்.

மூன்று வருடத்துக்கு முன்புவரை வண்டியை அவர்தான் ஓட்டினார். ஒரு நாள் பல்லேபொலவில் கிணற்றுக்குள் கல்சில்லு தெறித்து இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. பாதுகாப்புக் கண்ணாடி அந்த நேரம் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வியர்வையில் மங்குகிறது என்று இறக்கிவிட்டிருந்தாராம். நான் அழுதேன், அழுததைவிட அதிகமாகத் திட்டினேன். அதன் பிறகு கிணற்றுக்குள் இறங்குவது வேலையாட்கள் இருவர். அவர்கள் நேராகக் கிணற்றடிக்கு வந்துவிடுவார்கள். வண்டி ஓட்ட நான் பழகினேன். லைசன்ஸ் கைக்கு வந்த அன்று அவர் "பரவால்ல" என்றார். அவ்வளவுதான்.

ஓட்டுவதில் கஷ்டம் இல்லை. வண்டியைப் பின்னால் எடுத்துக் கொக்கியை வளையத்துக்கு நேராக நிறுத்துவதுதான் கஷ்டம். தொட்டியின் சுவர் மறைப்பதால் ஓட்டுகிற ஆளுக்குக் கொக்கி தெரியாது. யாராவது பின்னால் நின்று சொல்ல வேண்டும். அவர் நின்றார். "வா... வா... வா... ஹரி." ஹரி என்றால் சிங்களத்தில் சரி. மற்ற எதற்கும் நாங்கள் அந்தச் சொல்லை எடுப்பதில்லை, வண்டிக்கு மட்டும் அதுதான்.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். தேநீர்க் கோப்பையைக்கூட முதல் தடவை தவறவிட்டு இரண்டாம் தடவைதான் பிடிப்பார். அப்படிப்பட்ட மனிதர் வண்டிக்கும் கம்பிரசருக்கும் நடுவில் நின்று, வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு அரையடி, காலடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வருட மழையில் ஒரு நாள் "வா" என்றார். வந்தேன். ஈர மண்ணில் வண்டி இன்னும் கொஞ்சம் வந்தது. மோதிர விரலின் நகம் போயிற்று. விரல் தப்பியது. துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைக்கும் சாயங்காலம்வரை கிணற்றடியில் நின்றார். எனக்கு வீடு வந்து சேரும்வரை கால் நடுங்கியது. அடுத்த முறை நகத்தோடு போகாது என்று தெரிந்துவிட்டது. அவர் அந்த இரண்டு இரும்புக்கு நடுவில் நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியில் மரக்கறி லொறிகளுக்கு உடல் கட்டுகிற வெல்டிங் பாஸ் ஒருவர் இருக்கிறார். தொழில் தெரிந்த மேஸ்திரியை இங்கே பாஸ் என்போம். சிங்களவர், என் வயதுதான் இருக்கும். அவருடைய கராஜ் தரையில் சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினேன். பக்கச் சுவர் வேண்டாம். தட்டு ஏழடி. கொக்கி அதைத் தாண்டி, சட்டத்தின் கடைசியில், தட்டின் மட்டத்துக்குச் சற்றே கீழே வெளியில் நிற்க வேண்டும். கம்பிரசரின் மூக்குக்குத் திருகி உயர்த்துகிற முட்டுக்கால் ஒன்று. நான் ஆசனத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் பின்கண்ணாடி வழியாகக் கொக்கி தெரிய வேண்டும்.

எட்டடி போட்டால் இன்னும் நாலு மூட்டை ஏற்றலாமே என்றார் பாஸ். அவருக்கு எல்லா வண்டியும் மரக்கறி லொறிதான். ஏழு, ஏழு, ஏழு என்று மூன்று தடவை சொன்னேன். என் கணவர் பக்கத்தில்தான் நின்றார்.

தொட்டியைக் கழற்றியபோதும் இருந்தேன். போல்ட்டுகளில் பாதி துருவேறிப் போயிருந்ததால் நெருப்புக் காட்டி வெட்ட வேண்டியதாயிற்று. நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். அடியில் இறுகிய கல்தூள், தொலைந்துபோன இரண்டு ஸ்பேனர், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. தொட்டி போன வண்டி நனைந்த பூனையைப் போல நின்றது. அந்தத் தொட்டி இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் மிளகுக் கொடி பதியம் போட்டிருக்கிறேன்.

அந்த வாரம் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்ததால் நான்கு நாள் கண்டிக்குப் போய்விட்டேன். கராஜுக்கு அவர் பஸ்ஸில் போய்வந்தார்.

நான் திரும்பி வந்தபோது தட்டு பூட்டி, பச்சை பெயின்ட் அடித்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். பச்சைத் தட்டு தெரிந்தது. கொக்கி தெரியவில்லை. இறங்கி அளந்தேன். எட்டடி. கூரைத் தாழ்வாரம் போலத் தட்டு கொக்கியை மூடிக்கொண்டிருந்தது.

பாஸ் ஒன்றும் மறைக்கவில்லை. "மாத்தயாதான் எட்டு என்றார், அதுதான் எட்டு" என்று என் கணவரைக் கைகாட்டினார்.

"மனையடில ஏழடி ஆகாது" என்றார் என் கணவர். "வறுமைன்னு இருக்கு. எட்டடிதான் பாக்கியம். தொழில் பண்ற வண்டி இது, வெளையாட்டா?"

"மனையடி வீட்டுக்குங்க. வண்டிக்கா பாப்பாங்க?"

"பாதி நாளு அதுலதான இருக்கோம்."

இதை நம்ப முடியாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களில் கோழிக்கூட்டுக்கும் மனையடி பார்க்கிறவர்கள் உண்டு. பாஸும் தலையாட்டினார். சுபநேரம் பார்க்காமல் அவரும் முதல் வெல்டிங்கைத் தொடங்குகிறவர் இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் இரண்டு ஆண்கள் சாஸ்திரம் பேசுகிற இடத்தில் நின்று கத்த விருப்பமில்லாமல் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

அடுத்த மூன்று வாரமும் பழைய கதைதான். பழையதைவிட மோசம் என்று சொல்ல வேண்டும். கொக்கியைப் பார்க்க இப்போது அவர் தட்டுக்கு அடியில் குனிய வேண்டியிருந்தது. முன்பு கைதான் நடுவில் இருந்தது, இப்போது தலை. "ஹரி" என்ற சத்தம் வரும்வரை அங்குலம் அங்குலமாகத்தான் வண்டியை நகர்த்துவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியில் தட்டுமுட்டுச் சாமான் வைக்கப் பலகை அடிக்கலாம் என்று சுவருக்குச் சுவர் அளந்தேன். ஏழடி. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன். ஒரு விரல்கூடக் கூடவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்தக் குசினியைக் கல் வைத்துக் கட்டியவர் அவரேதான். அன்றைக்கு மனையடி என்ற பேச்சே வரவில்லை.

அளவு நாடாவோடு அங்கேயே நின்றேன். முதலில் வந்தது கோபம். கொஞ்ச நேரத்தில் அது வெட்கமாக மாறியது. கண் போனது, கிணறு போனது, ஸ்டியரிங் போனது. மிச்சமிருந்த வேலை அந்த "வா வா" மட்டும்தான். அதையும் நான் சோக்கட்டியால் கோடு போட்டு எடுத்துவிடப் பார்த்திருக்கிறேன், அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே.

அவர் வெளியில் துளைக்கம்பிகளுக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நம்ம குசினி ஏழடிங்க."

அவர் நிமிரவில்லை.

"பதினோரு வருஷமா அதுலதான் சோறாக்குறேன்."

துணியால் ஒரு கம்பியை முழுக்கத் துடைத்து முடித்தார். "வண்டிய நீ ஓட்டுற. இனி ரிவர்ஸும் நீயே பாத்துக்குவ. நான் மூட்ட மாதிரி ஏறி, மூட்ட மாதிரி எறங்கணுமா?"

"நீங்க நடுவுல நின்னா என்னால ஓட்ட முடியலங்க. காலு நடுங்குது. அன்னைக்கு நகம் போனதுலருந்து ஒவ்வொரு நாளும் நடுங்குது."

இப்போது நிமிர்ந்தார். "அத நீ சொல்லவே இல்லயே."

சொல்லவில்லைதான். ஏழடி என்று பாஸிடம் மூன்று தடவை சொன்னவள், ஏன் ஏழடி என்று இவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வசதியாக இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும் என்று ஏதேதோ சொல்லியிருந்தேன்.

மறுநாள் இரண்டு பேரும் கராஜுக்குப் போனோம். பாஸ் எங்களை மாறி மாறிப் பார்த்தார். சோக்கட்டியை வாங்கித் தட்டில் கோடு போட்டது என் கணவர். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. பாஸ் அதைத் தன் மட்டப்பலகையால் நேராக்கிக்கொண்டு, ஓர் அடியை வெட்டி எடுத்தார்.

வீட்டு வாசலில் கம்பிரசர் முட்டுக்காலில் நின்றது. ஆசனத்தில் திரும்பி உட்கார்ந்தேன். பின்கண்ணாடியில் கொக்கி தெரிந்தது, அதற்கு அப்பால் வளையமும் தெரிந்தது. நடுவில் யாரும் இல்லை. அவர் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"வா... வா... வா... ஹரி" என்றார்.

கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையில் இன்னும் ஓர் அடி இருந்தது. என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். அவர் பின்னால் போய், ஓரமாக நின்று குனிந்து பார்த்துவிட்டு, மறுபடியும் ஜன்னலருகில் வந்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

"எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.