சாட்சிக் கூண்டுக்கு நெய்வேலி வழியாக

இல்லை, நேராகக் கடலூர் கோர்ட்டுக்கே போயிருக்கலாம். சம்மனில் நெய்வேலி இல்லை. ஆனால் மாணிக்கத்தை மூன்று வாரம் மனநல மருத்துவமனையில் என் வார்டில் வைத்துப் பார்த்த நான், அவர் வீட்டைப் பார்த்ததில்லை. நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளி. ஃபோர்மனை மண்வெட்டியால் அடித்த வழக்கு. அப்போது அவருக்குச் சித்தம் கலங்கியிருந்தது என்பது என் அறிக்கை. கோர்ட் நம்பினால் சிகிச்சை. இல்லாவிட்டால் சிறை. சாட்சி சொல்வது எனக்கு முதல் முறை.

மார்ச் மாதம். ஒரு நாள் முன்னதாகவே கிளம்பினேன். பண்ருட்டி ஸ்டேஷனில் பதினொன்றுக்கு இறங்கி பஸ். பதினான்கு மைல், அறுபது நயா பைசா. காடாம்புலியூர் தாண்டியும் இருபுறமும் முந்திரி, பூத்திருந்தது. மைன்ஸ் பார்க்கவா என்று கண்டக்டர் கேட்டார். சாட்சி சொல்ல என்றேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. ஒரு வார்த்த கூடப் பேசுனா வக்கீலு புடிச்சிக்குவாரு."

அவர் மூன்று முறை சாட்சி சொன்னவராம். மூன்றும் தோற்ற வழக்காம்.

நெய்வேலியில் நேரான சாலைகள். இன்னும் நிழல் தராத மரக்கன்றுகள். ஒரே அச்சு வீடுகள். மதியம் இரண்டு மணிக்குப் பல ஜன்னல்களில் கோணி தொங்கியது. மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை கதவைப் பாதி திறந்து, மெதுவாகப் பேசச் சொன்னார்.

"பக்கத்து வூட்டுல நைட் ஷிப்ட்டுங்க, தூங்கிகினு இருக்காங்க. அவங்களுக்கு இது நடுராத்திரி. அடிதடி ஆன வாரம் இவருக்கும் நைட்டுதான். அப்பிடித்தான் சொல்லுவாரு."

என் அறிக்கையின் முதல் அடையாளமே அதுதான். சம்பவத்தன்று மதியத்தை நடுராத்திரி என்றார், ஆகவே பகலிரவு தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணி பஸ், இருபத்து மூன்று மைல், கடலூர். மாணிக்கத்தின் வக்கீலிடம் அந்தத் தவறைச் சொன்னேன். அரசுத் தரப்பு கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்றார். அரசு வக்கீல் அந்த வரியைத்தான் முதலில் படித்தார்.

"நைட் ஷிப்ட் ஆள் பகலை ராத்திரி என்பது பைத்தியமா, டாக்டர்?"

"இல்லை. அந்த வரி தவறு. நேற்று அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது."

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "அப்படியானால் மற்றதும் தவறுதானே?"

"மற்றது நான் நேரில் பார்த்தது. இல்லாத ஒருவருக்கு மூன்று வாரமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோர்மன் சோற்றில் விஷம் வைக்கிறார் என்று பட்டினி கிடந்தார்."

நீதிபதி பேனாவை எடுத்தார். "மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

போகிறவர்களுக்கு: நெய்வேலி விடுதிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். கூண்டில் தவறை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், மற்றதை அதன் பிறகுதான் எழுதிக்கொள்கிறார்கள்.

பத்து நாளில் தீர்ப்பு. சிறை இல்லை. மாணிக்கம் மறுபடி என் வார்டுக்கு வந்தார். எழும்பூரில் இறங்கி எந்த பஸ் பிடிப்பது, பார்வை நேரம் எது என்று அஞ்சலைக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.