ஆறாம் கட்டிலின் குறை

இது கட்டுக்கதை அல்ல. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், அந்தச் சீட்டைக் காட்டுகிறேன்.

1986, நவம்பர். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரி. பதினெட்டுக் கட்டில்களுக்கும் பகல் டியூட்டியில் ஒரே நர்ஸ், நான். இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். வீட்டுக்குப் போகிற நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் குறை கேட்டு, சீட்டில் எழுதி, கைநாட்டு வாங்க வேண்டும். குறை இருந்தால்தான் ஆள்.

இரண்டு மாதத்தில் நாற்பத்து மூன்று பேரைக் கேட்டேன். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! "நொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் கேட்டு அரை மணி நேரம் காத்துக் கிடந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது.

ஒரு நாள் பிற்பகல் மூன்றரைக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்டது. கரண்டும் போனது.

சரியாக நான்கு பத்து.

டங்... டங்... டங்...

எங்கள் ஆஸ்பத்திரியில் அழைப்பு மணி கிடையாது. டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தேன். காலையில் காலியாக இருந்த ஆறாம் கட்டிலில் ஒரு அம்மா. புது அட்மிஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

"தண்ணி கைக்கு எட்டலீங்க. மூணு தடவ தட்டுனேன். ஆரும் வரலீங்க."

அப்பாடா, ஒரு குறை! தண்ணீர் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. சீட்டைத்தான் தேடினேன்.

"பேருங்க?"

"பாவாயி. கொட்டச்சேடு."

எழுதினேன். கைநாட்டு வைத்தார். விரல் சில்லென்றிருந்தது...

குனிந்து பார்த்தேன். கட்டிலில் மெத்தையே இல்லை. வெறும் கம்பி...

கரண்ட் வந்தது.

யாரும் இல்லை.

கையில் சீட்டு மட்டும். மை ஈரமாக இருந்தது.

கொட்டச்சேட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் பாவாயியின் மகன் செல்லப்பன் வந்தார்.

"அம்மா இங்கதான் தவறிப் போச்சுங்க. மூணு வருசமாச்சு."

"ஏதாச்சும் குறை இருந்துச்சுங்களா?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்."

பழைய டியூட்டி நோட்டைத் தேடி எடுத்தேன். ஆறாம் கட்டில், பாவாயி. மரணம், மாலை 4:10. 'நோயாளி அமைதியாக இருந்தார். யாரையும் கூப்பிடவில்லை.'

கீழே கையெழுத்து: இன்பமேரி.

அது நான்தான். அந்த முகம்கூட எனக்கு நினைவில்லை.

மேனேஜரிடம் நாற்பத்து மூன்று சீட்டுகளை மட்டும் கொடுத்தேன். குறையே இல்லையே என்று சொல்லி அவர் ஆள் தரவில்லை.

நாற்பத்து நான்காவது சீட்டு இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.