வாய்க்கால் வெட்டியவரின் வசனம்

தொலைக்காட்சி நாடகம் முடியும்போதெல்லாம் யாராவது ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒழுங்காக வாழ்வது எப்படி என்று எனக்குச் சொல்லித் தருகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாடகமெண்டால் ஒரு நல்ல கருத்து இருக்கத்தானே வேணும், அம்மா" என்பாள் மகள். இருக்கட்டும். அதை எழுதுகிறவர் வாயால் சொல்லத்தான் வேண்டுமா? அறுபதுகளில் கிளிநொச்சியில் ஒரு மேடை நாடகம் பார்த்த பிறகு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி பெற்றவர்கள் நாங்கள். மழையில்லாத சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். ஒரு வருடம் கதிர் தள்ளும் நேரத்தில் எங்கள் பயிர் வாடத் தொடங்கியது. முறை வரும்வரை பொறுக்காமல், பக்கத்துக் காணிக்காரருக்குரிய தண்ணீரை என் கணவர் ஒரு விடியற்காலை எங்கள் வயலுக்கு வெட்டிவிட்டார். எங்கள் நெல் தப்பியது. அவர்களுடைய மேட்டுத் துண்டு கருகிப் போனது. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை வந்து கேட்டபோது, "நான் வெட்டேல்லை" என்று அடித்துச் சொன்னார். சேறு படிந்த சாரத்தைத் துவைத்த எனக்கல்லவா தெரியும்! ஊருக்கும் தெரியும். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அந்தப் பக்கத்துக் காணிக்காரர்தான் எங்கள் ஊரில் நாடகம் எழுதுகிறவர். அறுவடை முடிந்து வரும் விவசாயச் சங்க விழாவுக்குத் தண்ணீர்க் களவைப் பற்றி எழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன். நாடகம் முடிந்தால் சங்கத் தலைவர் மேடையேறி, இன்னார் செய்தது பிழை, இதுதான் படிப்பினை என்று அறிவித்த பிறகே மங்களம் பாடுவது எங்கள் ஊர் வழக்கம். அவ்வளவு சனத்துக்கு முன்னால்!

"இஞ்சாருங்கோ, போகாதேங்கோ" என்றேன்.

"போகாட்டி ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ. வெளிக்கிடு."

இருட்டினால் யானை வரும் என்ற பயத்தால் நாடகத்தைப் பின்னேரமே தொடங்கிவிடுவார்கள். கள்வனாக நடித்ததும் நாடகத்தை எழுதியவரேதான். வாடும் பயிரைப் பார்த்து அந்தக் கள்வன் பேசியது, என் கணவர் குசினியில் என்னிடம் புலம்பியதை ஒளித்திருந்து கேட்டதுபோல் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் கள்வனுக்காக மூக்கைச் சிந்தினார்கள். கடைசியில் அவன் மற்றவனின் கருகிய வயலில் வந்து நின்றான். ஒரு கதிர் பிடுங்கி, உள்ளங்கையில் கசக்கி ஊதினான். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதோடு நாடகம் முடிந்தது.

தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார். அவர் வாய் திறக்குமுன் நாடகக்காரர், முகத்தில் பூசிய பவுடரோடு, மங்களத்தைத் தொடங்கிவிட்டார். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது, சனமும் முணுமுணுத்தது. அன்று படிப்பினை சொல்லியிருந்தால் என் கணவர் சாகும்வரை "நான் வெட்டேல்லை" என்றே நின்றிருப்பார். அந்தப் பிடிவாதத்தோடு குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன்.

அடுத்த நாள் காலை தேத்தண்ணியும் குடியாமல் வேலியடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"நான்தான் அண்ணை வெட்டினனான்."

"தெரியும் தம்பி" என்றார் நாடகக்காரர். "ஒண்டு கேக்கவேணும். வெட்டேக்கை நீ என்ன நினைச்சனீ? அந்த இடம் எனக்கு எழுத வரேல்லை."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்களை நினைச்சால் வெட்டமாட்டன் எண்டு தெரியும். அதாலை என்ரை பிள்ளையளின்ரை பேரைச் சொல்லிச் சொல்லி வெட்டினனான்."

பயிரைப் பறிகொடுத்தவர் இதைக் கேட்டு ஓம் ஓம் என்று தலையாட்டினார். இப்படியும் ஒரு மனிதரா என்று நான் திகைத்துப்போய் நின்றேன்.

பிறகு அதே நாடகத்தைப் பளை என்ற ஊரில் போட்டார்கள். நாங்களும் போனோம். கள்வன் தன் பிள்ளைகளின் பேரைச் சொல்லிச் சொல்லி வாய்க்காலை வெட்டினான். எங்கள் பிள்ளைகளின் பேர் வரப்போகிறது என்று நான் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவர் சொன்னதெல்லாம் தன் சொந்தப் பிள்ளைகளின் பேர்கள். முன்வரிசையில் என் கணவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.