கைராசியும் ழகர வரிசையும்

செம்பூரில் தளவாய் நடத்தும் நாற்றுப்பண்ணையில் நஸீரா ஒருவருக்குத்தான் முக்காலி உண்டு. தாராவியிலிருந்து வந்துபோகும் அவர், நீர்த்தூவல் கூடாரத்தினுள் அமர்ந்து, பைன் மரத்தின் நுனிக்கிளைத் துண்டுகளைத் தட்டுகளில் ஊன்றுவார். ஏனையோர் மண் சுமப்பர். காரணம், அவருடைய கைராசி. தாராவியில் யார் கறிவேப்பிலைக் கன்று வாங்கினாலும், அவர் வந்து தொட்ட பிறகே நடுவார்கள்.

அந்தப் பைன்கள் இரண்டு இனங்கள் கலந்து பிறந்தவை. கிறிஸ்துமஸ் சமயத்தில் தொட்டியோடு விலைபோகும். துண்டு வெட்டுவதற்கான செடிகள் இரு வரிசைகளில் நின்றன. இரண்டுக்கும் தந்தை மரம் ஒன்றே. தாய் மரங்கள் வேறு. எது எந்தத் தாய் வழி என்ற இரகசியத்தை அண்டைப் பண்ணைக்காரர்கள் அறிந்துவிடலாகாது என்று தளவாய் தமிழெழுத்தில் பலகை நட்டிருந்தார்: ஒரு வரிசைக்கு ள, மற்றதற்கு ழ.

ஆண்டுதோறும் தளவாயே துண்டுகளை வெட்டி வந்து கொடுப்பார். இவ்வாண்டு அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தபடியே, “ள வரிசையில வெட்டிக்கிடுங்க” என்று நஸீராவிடம் சொன்னார். அவர் கருதியது ழகரம். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவர் நாவில் வாழைப்பழமும் வாளப்பளந்தான். நஸீரா பலகையைப் பிழையின்றிப் படித்து, ளகர வரிசையை மொட்டையடித்தார்.

கோவண்டியில் ஒரு நிக்காஹ்வுக்காக அவர் விடுப்பு எடுத்த அன்று, உடன் வேலை செய்யும் ஆறுமுகத்தாய் ஒரு தட்டு ஊன்றினார். அதற்குள் எழுந்து நடமாடிய தளவாய், வெட்ட வேண்டிய வரிசையைத் தொலைவிலிருந்தே விரலால் காட்டியிருந்தார்.

பருவம் முதிர்ந்தபோது ஆறுமுகத்தாயின் தட்டில் வெள்ளை வேர்கள் பொங்கின. நஸீராவின் தட்டுகளில் அடித்தண்டுகள் கருகிக் கிடந்தன.

“ஒங்க ராசி ரயில்ல செம்பூர்ல எறங்காம பன்வேல் போயிட்டு போலக்கா!” என்றார் ஆறுமுகத்தாய்.

“நாளையிலேருந்து முக்காலியில ஆறுமுகத்தாய் உக்காரட்டும்” என்றார் தளவாய்.

நஸீரா முழங்கால் வலியோடு மண் சுமப்பது எப்படி என்று மட்டும் யோசித்தார்.

மாலையில் வரிசைகளைப் பார்க்கப் போன தளவாய் திகைத்து, நஸீராவையும் ஆறுமுகத்தாயையும் கூப்பிட்டார்.

“நஸீராம்மா, இதுலயா வெட்டுனீங்க? நான் சொன்னது அந்த ள!”

“எந்த ள, அண்ணாச்சி? இதான ள? அது ழ-ல்லா?”

தளவாய் இருமுறை முயன்றார். இருமுறையும் ளகரமே வந்தது.

“செரி விடுங்க, தப்பு எம்மேலதான். இந்தத் தாய் வழிக்கு வேர் விடுத கொணமே கம்மி. பெறப்புல வந்தது. யார் ஊனுனாலும் கருகத்தான் செய்யும். ஒங்க கையில ஒண்ணும் இல்ல. நீங்களே உக்காருங்க.”

“அப்ப அந்த வரிசையில யார் ஊனுனாலும் வந்துரும்லா?” என்று கேட்டார் ஆறுமுகத்தாய். “இத்தன வருசம் வேர் விட்டதும் கைராசி இல்ல, செடிதானா, அண்ணாச்சி?”

“செடிதான்” என்றார் தளவாய்.

நஸீரா தம் இரு கைகளையும் பார்த்தார். ராசி தவறிய கை மீண்டும் தேறும். என்றுமே ராசி இல்லாதிருந்த கைக்கு அந்த வழியில்லை.

“செடியச் சொல்லாதீய அண்ணாச்சி” என்றார் உறுதியாக. “இந்த வருசம் என் கைக்குத்தான் நேரம் சரியில்ல. நோம்புப் பெருநா கழிஞ்சா செரியாயிரும். அது வரைக்கும் அவளே உக்காரட்டும்.”

தளவாய் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலை நஸீரா மண்குவியலருகே கூடையோடு நின்றார். மண் அள்ளிப் போட்ட இளம்பெண் இரக்கப்பட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

“நெறயப் போடுட்டி” என்றார் நஸீரா.