மெம்பர் குடித்த தண்ணீர்

குரங்கணி மலையில் காப்பிப் பழம் கழுவிய கழிவை ஆற்றில் விட்டார்கள். போடியில் எங்கள் தெருக்குழாயில் புளித்த நாற்றத்தோடு தண்ணீர் வந்தது. அதைக் குடித்து என் மகள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள்.

அந்தத் தண்ணீரையே மண்குடங்களில் சுமந்துகொண்டு, தெருப் பெண்கள் எல்லோரும் கவுன்சில் கூட்டம் நடந்த கட்டடத்துக்குப் போனோம். எங்கள் வார்டு மெம்பர் வெளியே வந்தார்.

"கழிவ நிப்பாட்டுவீகளா, மாட்டீகளா?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு என்ன கேடு? பொம்பளைகளுக்கு வேற சோலி இல்லையா?" என்று, நான் இறக்கி வைத்த குடத்தை எட்டி உதைத்தார்.

குடம் உடைந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தோம். கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்தோம். உடைந்த குடத்து ஓட்டால் அவர் நெற்றியைக் கிழித்தது நான்தான். ரத்தம் வழியப் படியில் சரிந்தவர், "ஆத்தா, ஒரு வாய் தண்ணி குடு" என்றார்.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். பகையாளி கேட்டாலும் தண்ணீர் இல்லையென்று எங்கள் பக்கம் சொல்வதில்லை. இருந்ததோ அந்த நாற்றத் தண்ணீர்தான். பக்கத்துக் குடத்தில் ஒரு செம்பு மொண்டு நீட்டினேன். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அடித்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. என் பிள்ளையைப் படுக்கப் போட்ட தண்ணீரென்று தெரிந்தே நீட்டினேனே, அதற்குத்தான் இன்றும் வருந்துகிறேன்.